வேண்டாம் என்று சொல்லச் சொன்னவள்

அத்தைக்கு எது ரொம்பப் பிடிக்கும் என்று கண்டுபிடிக்கச் சுலபமான வழி ஒன்று உண்டு. எதை அதிகமாகத் திட்டுகிறாளோ, அதுதான். மகள் வயிற்றுப் பேரன் பிறந்தபோது, "மொகரையப் பாரு, பொரிச்ச அப்பளம் மாதிரி" என்று தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தவள் அவள். பூ மார்க்கெட்டில் மல்லிகை வாங்கப் போனால் கேந்திப்பூக் கூடைக்கு முன்னால் நின்று, கேந்தியைப் புரட்டிப் புரட்டி விலை கேட்பாள். கிளம்புகிற நேரத்தில் போனால் போகிறது என்பது போல, "இந்த வாடின மல்லி என்ன வெல?" என்பாள். மல்லி அன்று காலையில் பறித்ததாக இருக்கும். அவள் இடத்தைக் காலி செய்தால் போதும் என்று பூக்காரர்கள் ஐந்து பத்து குறைத்துக் கொடுப்பார்கள்.

"வேணும்னு காட்டினா வெல ஏறிரும் மக்கா." இதை அவள் என்னிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பாள் என்று கணக்கில்லை.

உறவு என்று ஒன்றும் கிடையாது. சங்கரன்கோவிலில் எங்கள் தெருவின் கடைசி வீடு அவளுடையது. அதற்கப்புறம் வெறும் காடு. வீட்டுக்குப் பின்னால் படல் அடைத்து முப்பது வெள்ளாடுகள் வரை வைத்திருந்தாள். கணவர் படுத்த படுக்கையாகக் கிடந்த கடைசி மாதங்களில் அவரையும் அப்படித்தான் பேசினாள். "இருந்தாலும் பாரம், போனாலும் செலவு" என்று அவர் காதுபடவே சொல்வாள். அவர் சிரித்துக்கொண்டே கிடப்பார். நாற்பது வருஷம் கூட இருந்தவருக்கு அந்தப் பேச்சுக்கு என்ன அர்த்தம் என்று தெரியும்.

நான் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஜெராக்ஸ் என்பது பெயருக்குத்தான். ஆதார் திருத்தம், பட்டா, பாஸ்போர்ட், ரயில் டிக்கெட் எல்லாம் அங்கேயே நடக்கும். அத்தை மத்தியான வேளைகளில் வந்து பேப்பர் கட்டின் மேல் உட்கார்ந்து, என் கடை ஃபேன் காற்றைக் குறை சொல்லிக்கொண்டே ஒரு தூக்கம் போட்டுவிட்டுப் போவாள்.

எங்கள் பக்கத்தில் ஆடு வைத்திருப்பவர்களுக்குத் தீராத தலைவலி ஒன்று உண்டு. ஆடு அடுத்தவர் காட்டில் இறங்கி மக்காச்சோளத்தையோ பருத்தியையோ மேய்ந்துவிட்டால், காட்டுக்காரர் அதைப் பிடித்துக்கொண்டு போய்த் தன் தொழுவில் கட்டிவிடுவார். அபராதம் கொடுத்தால்தான் அவிழ்த்துவிடுவார். எவ்வளவு என்பதை மேய்ந்த பயிர் முடிவு செய்வதில்லை. ஆட்டுக்காரன் முகம் முடிவு செய்யும். முகத்தில் தவிப்பு தெரிந்தால் போச்சு. அதனால் யாருடைய ஆடு மாட்டிக்கொண்டாலும், மீட்டு வர அத்தையைத்தான் கூட்டிக்கொண்டு போவார்கள்.

ஒரு தடவை கரிவலம்வந்தநல்லூர் போகிற வழியில் ஒருவர் அவளுடைய ஆடு ஒன்பதைப் பிடித்துக் கட்டிவிட்டார். அதில் ஒன்று சினையாடு, இன்றைக்கோ நாளைக்கோ என்று நிற்கிறது. ஸ்கூட்டரில் நான்தான் கூட்டிப் போனேன். வழி முழுக்க என் தோளைப் பிடித்துக்கொண்டு, சீக்கிரம் போகச் சொல்லி விரட்டிக்கொண்டே வந்தாள். இறங்கியதும் அந்த அவசரம் போன இடம் தெரியவில்லை. தொழுப் பக்கம் திரும்பக்கூட இல்லை. அந்த வீட்டம்மாளிடம் தண்ணீர் வாங்கிக் குடித்தாள். மழை ஏமாற்றியதைப் பற்றிப் பேசினாள். அவள் குரல் கேட்டுச் சினையாடு விடாமல் கத்தியது. அத்தை காது கேளாதவள் போல உட்கார்ந்திருந்தாள்.

"எட்டையும் அவுத்து விடுங்க அண்ணாச்சி, ஏதோ பாத்துத் தாரேன். அந்தா வயித்தத் தள்ளிக்கிட்டு நிக்குல்லா, அந்தச் சவத்த நீங்களே வச்சுக்கிடுங்க. நோவு புடிச்சது. என்னைக்கு விழுந்து சாவுமோ, தூக்கிப் போட ரெண்டு ஆளு வேணும்."

அந்த மனுஷன் பயந்துவிட்டார். தன் தொழுவில் செத்து வைத்தால் யார் பதில் சொல்வது? எட்டு ஆட்டுக்குப் பணம் வாங்கிக்கொண்டு, சினையாட்டைச் சும்மா துரத்திவிட்டார். ரோடு திரும்பி அவர் வீடு மறைந்ததும் அத்தை வண்டியை நிறுத்தச் சொன்னாள். இறங்கிப் போய் அந்த ஆட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

"இம்புட்டுப் பேச்சு பேசினீங்களே, அது வருத்தப்படாதா அத்தை?" என்று சீண்டினேன்.

"ஆட்டுக்கு என்னட்டி தெரியும்?" என்று மூக்கைச் சிந்தினாள்.

என் தம்பிக்கு இருபத்து நாலு வயது. பி.காம். முடித்துவிட்டுப் புளியங்குடியில் ஒரு எலுமிச்சை மண்டியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தான். பாங்காக்கில் கம்ப்யூட்டர் வேலை, எழுபதாயிரம் சம்பளம் என்று ஒரு ஏஜெண்ட் சொன்னான். பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்தது நான். வேலை உத்தரவை லேமினேட் செய்து கொடுத்ததும் நான். ஒரு காற்றுக் குமிழ்கூட இல்லாமல் வந்தது என்று அன்றைக்குப் பெருமைப்பட்டுக்கொண்டேன். ஊரார் ஏமாறாமல் இருக்க ஆயிரம் யோசனை சொல்கிற கடை என் கடை.

விமான நிலையத்திலிருந்து அவனைக் காரில் ஏற்றி ஒரு பகல் முழுக்க ஓட்டி, ஆற்றைப் படகில் கடத்தி, பக்கத்து நாட்டுக்குள் கொண்டு போய்விட்டார்கள். உயரமான சுவர், அதன் மேல் கம்பி, வாசலில் துப்பாக்கி. உள்ளே அடைத்து வைத்து, பெண் பெயரில் வெளிநாட்டுக்காரர்களோடு போனில் பழகி ஏமாற்றிப் பணம் பறிக்கச் சொன்னார்கள். மாட்டேன் என்றால் அடி, கரண்ட் ஷாக்.

இதெல்லாம் எங்களுக்குத் தெரிந்தது அங்கிருந்து வந்த முதல் போனில். பேசியவன் தமிழன். மரியாதையாகப் பேசினான், அதுதான் பயமாக இருந்தது. "அக்கா, உங்க தம்பிக்காகக் கம்பெனி நிறைய செலவு பண்ணியிருக்கு. நாலு லட்சம் கட்டினீங்கன்னா அனுப்பி வச்சிடுவாங்க." அம்மா போனைப் பிடுங்கி, "ஒத்தைக்கு ஒரு ஆம்பளப் புள்ளைய்யா, அவன் இல்லாட்டி நான் உசுரோட இருக்க மாட்டேன்" என்று கதறினாள். மறுநாள் அதே குரல், அதே மரியாதையோடு, ஆறு லட்சம் என்றது.

கலெக்டர் ஆபீஸில் மனு கொடுத்தோம். வாங்கி வைத்துக்கொண்டு, மேலே அனுப்பியிருப்பதாகச் சொன்னார்கள். நாட்கள் போய்க்கொண்டிருந்தன. ஒரு நாள் போட்டோ வந்தது. தம்பி வரிவரியாகத் தடித்த முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். அதை அம்மா பார்க்காமல் அழித்தேன்.

அத்தை அந்தப் போட்டோவைப் பார்த்திருந்தாள். "ஒங்கம்மைய இனிமே போன் பக்கத்துல விடாத" என்றாள். "அவ கத்துன கத்துக்குத்தான் ரெண்டு லட்சம் ஏறுச்சு. நாளைக்கு இன்னும் ஏறும். நான் சொல்லுத மாதிரி நீ பேசு."

போன் தினமும் மூன்று மணி வாக்கில் வரும். கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிடுவேன். ஆட்டுக்குக் குழை போட ஆள் வேண்டும் என்று அம்மாவைத் தன் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, அத்தை பேப்பர் கட்டின் மேல் சம்மணம் போட்டு உட்காருவாள். என் வாய் அவள் கையைப் பார்த்துப் பேசும். உள்ளங்கையைக் கவிழ்த்தால் குரலை இறக்க வேண்டும். விரலை ஆட்டினால் மறுக்க வேண்டும்.

முதல் நாள், "எங்ககிட்ட ஒண்ணும் இல்லைங்க" என்றேன். இரண்டாம் நாள், "அவன் இங்க இருந்தப்பவும் தண்டச்சோறுதான். அவனுக்காக வீட்டை வித்துட்டு நாங்க தெருவுல நிக்கவா?" என்றேன். ஆறு ஐந்தானது. ஐந்து மூன்றரையானது. எனக்கு உள்ளுக்குள் ஒரு குஷிகூட வந்துவிட்டது என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். நன்றாகத்தான் பேசுகிறேன் என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்றாம் நாள் அத்தை என் காதோரம், "வேண்டாம்னு சொல்லிரு. ரெண்டுக்கு வந்துருவான்" என்றாள்.

"எங்களுக்கு அவன் வேண்டாம். நீங்களே வச்சுக்கோங்க" என்றேன்.

அந்தப் பக்கத்திலிருந்து வேறொரு குரல், ரொம்ப மெதுவாக, "அக்கா" என்றது. லைன் கட்டானது.

அத்தை அதைக் கவனிக்கவில்லை. இரண்டு விரலைக் காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

நான்கு நாட்கள் போன் இல்லை. நான் சாப்பிட்டேனா, தூங்கினேனா, எதுவும் நினைவில்லை. ஐந்தாம் நாள் அந்த மரியாதைக்காரன் கூப்பிட்டான். "அக்கா, இனிமே நீங்க பணம் கட்ட வேண்டாம். உங்க தம்பி ரெண்டு வருஷம் இங்கேயே இருக்கேன்னு எழுதிக் கொடுத்துட்டான். வீட்டுல தனக்கு யாரும் இல்லைன்னு சொல்லிட்டான்."

போனை வைத்துவிட்டு அத்தையிடம் சொன்னேன். அவளுக்கு முதலில் புரியவில்லை.

"அவனுக்கு எப்படித் தெரியும், நாம பேசினது?"

"ஸ்பீக்கர்ல போட்டுப் பேசுதாங்க அத்தை. அவன பக்கத்துலயேதான் நிறுத்தி வச்சிருக்காங்க."

"பக்கத்துலயா நிக்கான்?"

"பின்ன எங்க நிப்பான்? எல்லாத்தையும் கேட்டுக்கிட்டுத்தான் நிக்கான். அவன் என்ன ஆடா?"

கடை என்று பார்க்காமல் கத்தினேன். என்னென்னவோ சொன்னேன். நாற்பது வருஷமாகத் தொழுவாசலில் உட்கார்ந்து பேசி ஜெயித்தவளுக்கு, கட்டப்பட்டிருப்பது கேட்கும் என்பது தோன்றவே இல்லை. எனக்கும்தான் தோன்றவில்லை. அவளாவது ஆட்டுக்காரி. நான் அவனோடு ஒரே வீட்டில் வளர்ந்தவள்.

இரண்டு நாள் அந்த நம்பருக்கு விடாமல் அடித்தோம். எடுக்கவில்லை. மூன்றாம் நாள் அத்தை கேட்டாள்: "பேசி அனுப்புததுன்னு ஒண்ணு உண்டுல்லா? நாம பேசி அனுப்பினா அவனுக்குக் கேக்குமா?"

"வாய்ஸ் மெசேஜா? அந்த ஆள் போட்டுக் காட்டினாத்தான் கேக்கும். அவன் எதுக்குக் காட்டப் போறான்?"

"காட்டுவான். நாம அழுதா வெல ஏறும்லா. பணம் வரும்னு தெரிஞ்சா, ஒந் தம்பி எழுதிக் குடுத்தத கிழிச்சுப் போட்டுட்டு, இவன் காதுலயும் போட்டுக் காட்டுவான். நாம எவ்வளவு அழுதாலும் அந்த ஆளுக்கு லாபம்தான்." சொல்லிவிட்டு என் போனை வாங்கினாள். "எங்கன அமுக்கணும்?"

காட்டினேன். அவள் போனை வாய்க்கு நேராகப் பிடித்துக்கொண்டாள்.

"ஏலே மக்கா, அத்தை பேசுதேன். வேண்டாம்னு சொல்லச் சொன்னது நாந்தாம்லே. ஒங்கக்கா இல்ல. வெல கொறையும்னு நெனச்சு நான் சொல்லச் சொன்னேன். நீ எங்களுக்கு வேணும். ஒங்கம்மைக்கு வேணும், அக்காளுக்கு வேணும், எனக்கும் வேணும். யய்யா, அங்கன பேசுத தம்பி, எவ்வளவு கேட்டாலும் தாரோம். அவன விட்டுருங்க. அவன் எங்களுக்கு வேணும்."

தனக்கு வேணும் என்று அத்தை வாயிலிருந்து நான் கேட்டது அன்றைக்குத்தான். சொல்லி முடித்ததும் அவளுக்கு வேர்த்துக் கொட்டியது. அம்மாவைக் கூப்பிட்டு அழவிட்டோம். என்னையும் பேசச் சொன்னாள். எனக்கு அழத்தான் முடிந்தது.

ஒரு மணி நேரத்தில் போன் வந்தது. ஏழு லட்சம்.

வீட்டை அடமானம் வைத்தோம். அப்படியும் ஒன்றேகால் லட்சம் குறைந்தது. மறுநாள் அத்தை தன் ஆடுகளை ஓட்டிக்கொண்டு சந்தைக்குப் போனாள். வியாபாரி ஒருவர் பிறகு என் கடைக்கு வந்தபோது சொன்னார்: "அந்தக் கெழவிக்கு என்ன ஆச்சு? நான் சும்மா ஒரு வெலை சொன்னேன், சரின்னுட்டா. எனக்கே பயமாப் போச்சு." அந்தச் சினையாடும் அதன் குட்டிகளும் அதில் போயிருந்தன. எனக்கு அவள் மேல் இருந்த கோபம் அப்போதும் தீரவில்லை. பணத்தை வாங்கிக்கொண்டேன், கோபத்தையும் வைத்துக்கொண்டேன்.

தம்பி வந்துவிட்டான். சென்னையிலிருந்து காலை ரயிலில் வந்து இறங்கியபோது அவன் பையில் ஒரு சட்டையும் ஒரு துண்டும்தான் இருந்தன. அத்தை ஸ்டேஷனுக்கு வரவில்லை. மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்து, அவன் எதிரில் தரையில் உட்கார்ந்தாள்.

"நாந்தான் மக்கா சொல்லச் சொன்னேன். ஒங்கக்கா மேல வருத்தம் வச்சுக்கிடாத."

"தெரியும் அத்தை. உங்க மெசேஜை அவன் நாலஞ்சு தடவை போட்டுக் காட்டினான். அதைக் கேட்டுத்தான் கொஞ்சம் சோறு இறங்குச்சு." தம்பி சாதாரணமாகத்தான் சொன்னான். "ஆனா வேண்டாம்னு கேட்டது அக்கா குரல்லதானே."

அத்தை என்னைப் பார்த்தாள். நான் அடுப்படிக்குப் போய்விட்டேன்.

அதன் பிறகு அவன் என் கடைக்கே வேலைக்கு வந்தான். சொன்ன வேலையைச் செய்தான். கோபம் என்று ஒன்றும் காட்டவில்லை. காட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். புதுச் சட்டை எடுத்துக் கொடுத்தால், "இது எதுக்கு, வட்டிக்கு ஆகும்லா" என்பான். இரண்டாவது தடவை சோறு போட வந்தால் தட்டின் மேல் கையை வைத்து மறைப்பான். மீட்டுக்கொண்டு வந்தது போதும் என்று இருந்தேன். வீட்டை அடகு வைத்தவளுக்கு அதற்கு மேல் என்ன சொல்ல வேண்டியிருக்கிறது?

அத்தை ராஜபாளையத்தில் மகள் வீட்டோடு போய் இருந்துகொள்வதென்று முடிவு செய்த சமயத்தில், கடையநல்லூரிலிருந்து ஒரு பாய் கடைக்கு வந்தார். சவுதியில் இருபது வருஷம் உழைத்துவிட்டுத் திரும்பியவர். அவர் மகனும் அதே மாதிரி ஒரு சுவருக்குள் மாட்டிக்கொண்டிருந்தான். எங்கள் கதை எப்படியோ அவர் காதுக்குப் போயிருந்தது.

"அடிமைப்பட்டவன விடுவிக்கது எங்க மார்க்கத்துல பெரிய நன்மைம்மா. ஜகாத்து தர்மத்துலயே அதுக்குன்னு ஒரு பங்கு சொல்லியிருக்கு. ஜமாத்துல திரட்டித் தாரோம்னு சொல்லியிருக்காங்க" என்றார். "ஆனா அது அமானிதப் பணம். அடுத்தவங்க காசு. எவ்வளவு கொறைக்க முடியுமோ அவ்வளவு கொறைச்சுப் பேசணும். அதான் இந்தம்மாவப் பாக்க வந்தேன்."

அத்தை பேப்பர் கட்டின் மேல் உட்கார்ந்திருந்தாள். தம்பி மெஷின் பக்கம் நின்றிருந்தான். பாய் நம்பரைப் போட்டுக் கொடுத்தார். மறுமுனையில் ஒருவன் தமிழில் பேச ஆரம்பித்ததுமே அத்தை குறுக்கிட்டாள்.

"பையன் பக்கத்துல நிக்கானா? நிக்கானா, சரி. வெல பொறவு பேசுவோம்." போனைப் பாய் பக்கம் நீட்டி, "மகன்ட்ட நீ வேணும்னு சொல்லுங்க" என்றாள்.

பாய் போனைக் கையால் மூடிக்கொண்டார். "சொன்னா ஏறிருமேம்மா."

"ஏறட்டும். ஏறினத எறக்க எனக்குத் தெரியும். பையன் மனசு எறங்கினா அத ஏத்த எனக்குத் தெரியாது. சொல்லுங்க பாய்."

அவர் போனை மூடியிருந்த கையை எடுத்தார். "வாப்பா பேசுதேன்" என்றார். குரல் உடைந்துவிட்டது. "நீ வேணும்ப்பா. என்ன ஆனாலும் நீ எங்களுக்கு வேணும். தைரியமா இரு."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. என் வாயில் வேண்டாம் என்பதைத் திணித்தவள், யாரோ ஒருவர் வாயில் வேணும் என்பதை எடுத்து வைக்கிறாள். பாய் மறுநாள் வருவதாகச் சொல்லிக் கிளம்பியதும் அத்தையிடம் கேட்டேவிட்டேன்.

"இத அன்னைக்கு எனக்குச் சொல்லித் தந்திருக்கலாம்லா அத்தை?"

"அன்னைக்கு எனக்குத் தெரியாதுட்டி." எழுந்து சேலையை உதறிக்கொண்டாள். தம்பி காதில் விழும் என்று தெரிந்துதான் பேசினாள். "நான் சொல்லிட்டேன், அந்த பாயும் சொல்லிட்டாரு. அவன் வந்து எட்டு மாசம் ஆச்சு. நீ இன்னும் சொன்னியா?"

"வீட்டையே அடகு வச்சிருக்கேன். இன்னும் என்ன சொல்லணும்?"

"அது அவனுக்குக் கடனாத்தான் கேக்கும்."

சொல்லிவிட்டு வெயிலில் இறங்கிப் போய்விட்டாள். கடையில் ரேஷன் கார்டோடு ஒரு ஆள் நின்றுகொண்டிருந்தார். தம்பி கார்டை வாங்கிக் கண்ணாடியில் கவிழ்த்து வைத்தான். முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். அந்த முதுகைப் பார்த்துக்கொண்டு நான் ஒரு நிமிஷம் நின்றிருப்பேன். அந்த ஆள் என்னைப் பார்த்தார். பார்த்தால் பார்க்கட்டும் என்று தோன்றியது.

"ஏலே," என்றேன். "நீ எனக்கு வேணும்லே. பேரத்துக்குச் சொல்லல. அன்னைக்கும் வேணும், இன்னைக்கும் வேணும்."

அவன் திரும்பவில்லை. மெஷின் பட்டனில் வைத்த விரலை எடுக்காமல் நின்றான்.

"கேக்குதுக்கா" என்றான்.

அந்த ஆள் இரண்டு காப்பிதான் கேட்டிருந்தார். மெஷின் தன் பாட்டுக்கு ஏழெட்டு காப்பி தள்ளிவிட்டது. நாங்கள் இரண்டு பேருமே அதை நிறுத்தவில்லை.